வலக்கைப் பக்கமிருந்து வந்த ரயில்

சத்தியபாமா பதினெட்டு வருடம் நிலத்துக்குக் கீழே வேலை செய்தவள். ஒஸ்லோ நகரத்துச் சுரங்க ரயிலின் சாரதி. கிழக்குக் கோடியில், எல்லிங்ஸ்ருட்டில், அவள் குடியிருந்த மாடிவீட்டுக்குக் கீழே பாறையைக் குடைந்து கட்டிய நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே புறப்படுவாள். இடையில் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி நகரத்தின் வயிற்றுக்குள் புகுந்து, மேற்கே வெளியேறித் திரும்பி வருவாள். கோயில் மண்டபத்தில் பெண்கள் சுற்றி நின்று, "பாமாக்கா, அவ்வளவு பெரிய ரயிலைத் திருப்பப் பயமில்லையே?" என்று கேட்பார்கள். "நான் எங்கை திருப்பிறன்? தண்டவாளம் திரும்பும், நான் கூடப் போறன்" என்பாள். அதற்கு மேல் வேலையைப் பற்றிக் கதைக்க மாட்டாள்.

அவளுடைய கணவர் இந்திரகுமார் ஐந்து நிலையம் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர். கதவு, குழாய், வெப்பமூட்டி, மழைக்காலத்தில் கூரை, பனிக்காலத்தில் முற்றம். மற்ற நேரமெல்லாம் வாசிப்பு. நூலகத்திலிருந்து தத்துவப் புத்தகங்களாகவே தூக்கிக்கொண்டு வருவார். புகழ்வது என்றால் தீர்ப்புச் சொல்வது. சாட்சி முழுவதையும் கேட்காமல் தீர்ப்பு எழுதலாமா என்பது அவர் கட்சி. அதனால் மனைவியின் நண்டுக்கறிக்கும் மகள் சோபிகாவின் பட்டத்துக்கும் ஒரே சொல்தான் கிடைத்தது: "பிழையில்லை." காலையில் பாமாவின் தடத்தில்தான் வேலைக்குப் போவார். வண்டியை ஓட்டுவது அவளா வேறொருவரா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஏறியதும் புத்தகம் திறந்துவிடும்.

அந்த வருடம் ஏப்ரலில் ஒரு பின்னேரம், நகர மையத்து நிலையமொன்றில், ஓர் இளைஞன் கைதவறி விழுந்த போனை எடுக்கத் தண்டவாளத்தில் குதித்தான். சத்தியபாமாவின் வண்டி அவனுக்கு நாலடி முன்னே நின்றது. அவன் போனைச் சட்டையில் துடைத்தான், கண்ணாடிக்குள் இருந்தவளைப் பார்த்துக் கை அசைத்தான், மேலே ஏறிப் போய்விட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மறுநாள் அவள் வேலைக்கு நிலையத்தின் நகரும் படிவரை போனாள். படியில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வைத்தியர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். அறிந்தவர்கள் வந்து விசாரித்தார்கள். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று ஆறுதலாகக் கேட்டார்கள்.

"அவன் செத்திருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்," என்று அவள் ஒருமுறை இந்திரகுமாரிடம் சொன்னாள். "அவன் கையைக் காட்டிப்போட்டுப் போறான். நான் ஆருக்கு என்னத்தைச் சொல்லிறது?"

அவர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு அவள் நடக்கத் தொடங்கினாள். முதல் வாரம் அடுத்த நிலையம் வரை. அதற்கடுத்த வாரம் அதற்கடுத்த நிலையம். தண்டவாளம் கீழே எந்தப் பக்கம் வளைகிறதோ, மேலே அந்தப் பக்கத்துத் தெருவைப் பிடித்து நடந்தாள். மழையானாலும் போனாள். வரும்போது பஸ். ஆவணி வரும்போது நகர மையத்தின் விளிம்பு வரை எட்டிவிட்டாள். உடம்புக்கு நல்லது என்று இந்திரகுமார் நினைத்தார். அவள் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வருகிறாள், நிலத்துக்கு மேலே, என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

புரட்டாதியில் வேலையிடத்திலிருந்து கடிதம் வந்தது. அன்பான கடிதம்தான். மறுபடி வண்டி ஓட்ட வருகிறாரா, அல்லது அலுவலகத்தில் நேர அட்டவணைப் பிரிவில் ஒரு மேசை தரட்டுமா. ஒக்டோபர் நடுப்பகுதித் திங்கட்கிழமை பதில் வேண்டும். சத்தியபாமா அதை வாசித்துக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அதே வாரம் சோபிகா, பெற்றோரின் முப்பதாவது திருமண நாளுக்கென்று ஸ்பெயினுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். மூன்று நாள் பார்சிலோனா, நாலு நாள் மத்ரித். ஞாயிறு இரவு வீடு. விடிந்தால் அந்தத் திங்கள்.

இந்திரகுமாரின் கூட்டாளி அருட்செல்வம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சப்பாத்துக் கடை நடத்துபவர். ஸ்பெயினுக்கு இரண்டு தரம் போய் வந்தவர், ஆகவே நிபுணர்.

"மச்சான், கேள். அங்கை நடக்கிறவன் விசரன். பத்துப் பயண டிக்கெட் எண்டு ஒண்டு இருக்கு. மெட்ரோவிலை இறங்கு, ஏறு, கோயிலைப் பார். இறங்கு, ஏறு, மாளிகையைப் பார். ரண்டு நாளிலை ஊர் முடிஞ்சுது."

"மிச்ச நாள் என்னண்ணை செய்யிறது?" என்று சத்தியபாமா கேட்டாள்.

"மிச்ச நாள் படுத்திருந்து கால் நோகேல்லை எண்டு சந்தோசப்படுறது."

"சப்பாத்து விக்கிற ஆள் நடக்கவேண்டாம் எண்டு சொல்லுது," என்றாள் அவள்.

இந்திரகுமார் அருட்செல்வத்தின் கட்சி. ஒரு தாளில் பதினான்கு இடங்களை எழுதி, பக்கத்தில் நிலையங்களின் பெயரை எழுதினார். ஒரு நகரத்துக்குப் போவது எதற்கு? பார்க்க. பார்க்க வேண்டியவற்றுக்கு இடையில் கிடப்பது வெறும் தூரம். தூரத்தைச் சுருக்குவதற்குத்தானே மனிதன் ரயிலைக் கண்டுபிடித்தான்.

பார்சிலோனாவில் முதல் நாள் காலை, மெட்ரோ வாசலில், சத்தியபாமா இரண்டு படி இறங்கினாள். கீழிருந்து சூடான காற்று வந்தது. பிரேக் தூசியின் மணம் உலகமெங்கும் ஒன்றுதான். அவள் திரும்பி மேலே வந்தாள்.

"எனக்கு நடக்கோணும் போல கிடக்கு."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளை மடித்தார். மூன்று நாளும் நடந்தார்கள். பெரிய கோயிலுக்கு நடந்தார்கள், கடற்கரைக்கு நடந்தார்கள். அவருடைய இரண்டு குதிக்காலும் கொப்புளித்தன. அவள் தெருவை வேறு மாதிரிப் பார்த்தாள். "கவனிச்சனீங்களே, ஒவ்வொரு சந்தியிலையும் வீட்டு மூலையைச் சரிச்சு வெட்டியிருக்கினம். நீளமான வண்டி வளையிறதுக்கு." அவர் சந்திகளைப் பார்த்தார். உண்மைதான். மூலை வெட்டிய எண்கோணங்கள், ஊர் முழுக்க. அவருடைய தாளில் அது இல்லை.

"பிழையில்லை," என்றார் குதிக்காலைத் தடவிக்கொண்டு.

மத்ரித்துக்கு வந்த இரவு அவர் வேலைநிறுத்தம் அறிவித்தார். இனி நடக்க முடியாது. இருவருக்கும் ஒவ்வொரு பயண அட்டை வாங்கி வந்துவிட்டார். அவள் தன்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு அவருடைய ஜாக்கெட் பைக்குள்ளேயே வைத்தாள்.

"நீங்கள் கீழாலை போங்கோ, நான் மேலாலை வாறன். ஆனால் ஒண்டு கேளுங்கோ. இஞ்சை ரயில் இடப்பக்கத்தாலை ஓடுறது. எங்கடை வேலையிலை எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். தண்டவாளத்தைப் பாத்து நிண்டால் எங்கடை ஊரிலை இடக்கைப் பக்கமிருந்து வரும். இஞ்சை வலக்கைப் பக்கமிருந்து வரும். கேக்கிறியளே?"

"ம்," என்றார் அவர், பக்கத்தைப் புரட்டி.

அப்படியே மூன்று நாள் போனது. காலையில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு பிரிவார்கள், அங்கே சந்திப்பார்கள். அவர் முந்தி வந்து, முந்தி வந்த பெருமையோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. படி இறங்கி, நிலத்தடி நடைபாதையில் நடந்து, ஓரிடத்தில் மாறி, படி ஏறி அவர் வரும்போது, பல தரம் அவள் ஐந்து நிமிடம்தான் பிந்தியிருப்பாள். கையில் ஏதாவது இருக்கும்: ஒரு பொட்டலம் வறுத்த கச்சான் கடலை, எண்ணெயில் பொரித்த நீளமான இனிப்புப் பண்டம். கதையும் இருக்கும்: தெருவில் இரண்டு பேர் பியானோ ஒன்றைக் கயிறு கட்டி மூன்றாம் மாடிக்கு இழுத்த கதை. அவரிடம் சொல்ல நிலையங்களின் பெயர்தான் இருந்தது.

சோபிகா போனில் சிரித்தாள். "அப்பா, விடுமுறைக்குப் போயும் ரண்டு பேரும் தனித்தனியாவோ? நான் ரண்டு ஊருக்கு ஒவ்வொரு டிக்கெட் எடுத்திருக்கலாம்."

அவள் தாயிடம் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டாள். "பாப்பம்," என்றாள் சத்தியபாமா. மேசையைத்தான் எடுக்கப்போகிறாள் என்று இந்திரகுமாருக்கு அந்தச் சொல்லிலேயே தெரிந்தது. மேசை நல்லது, பாதுகாப்பானது. ஆனால் மூன்று நாளாக அவள் எந்தத் தெருவில் நடந்தாள் என்று இரவில் வரைபடத்தில் பார்த்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. வளைந்த தெருவென்றால் அவளும் வளைந்திருந்தாள்; குறுக்குவழி இருந்தும் எடுக்கவில்லை. அவள் நடந்த கோடும், அவர் கீழே ரயிலில் வந்த கோடும் ஒன்றாகவே இருந்தன. அவள் அவருக்கு மேலாலேயே வந்திருக்கிறாள். எல்லிங்ஸ்ருட்டிலிருந்து நடந்த நடைகளும் அப்போதுதான் அவருக்கு விளங்கின.

ஞாயிறு, கடைசி நாள். விமானம் பின்னேரம்தான். நகர நடுவிலிருந்து மூன்று நிலையம் தள்ளி ஒரு பெரிய பூங்கா; அதன் வாசலில் சந்திப்பது, அங்கே சாப்பிடுவது. வெயில் நன்றாக எறித்தது.

"ஜாக்கெட்டைத் தாங்கோ," என்றாள். "சனத்துக்குள்ளை என்னத்துக்குச் சுமக்கிறியள்? நான் கொண்டு வாறன்."

கொடுத்தார். தன்னுடைய பயண அட்டையையும் புத்தகத்தையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டார். போன் ஜாக்கெட்டுக்குள் போனது. அவர் சீனி வருத்தக்காரர்; எப்போதும் கூட வைத்திருக்கும் குளுக்கோஸ் வில்லைகளும் போயின. காலையில் இன்சுலின் ஊசி போட்டிருந்தார்; ஒரு துண்டு பாண்தான் சாப்பிட்டிருந்தார்.

கீழே இறங்கினார். கிழக்கே போகவேண்டும். பலகையைப் பார்ப்பதற்குக் கண்ணாடி மாற்றவேண்டும். அவர் அதற்குப் பதிலாக அறிவைப் பயன்படுத்தினார். முன்னைய நாட்களில் சனத்தோடு சனமாகப் போய் ஏறியவர், அன்று சனம் குறைவாக இருந்ததால் தானே கணக்குப் போட்டார். தண்டவாளத்தைப் பார்த்து நின்றால் கிழக்கே போகும் ரயில் இடக்கைப் பக்கமிருந்துதான் வரவேண்டும். அதற்கேற்ற மேடையில் போய் நின்றார். ரயில் வலக்கைப் பக்கமிருந்து வந்தது. அப்போது அவர் பக்கத்தின் நடுவில் இருந்தார். ஏறி உட்கார்ந்து, மிச்சத்தை வாசித்தார்.

தலை நிமிர்ந்தபோது பெட்டியில் ஒருவரும் இல்லை. ரயில் கடைசி நிலையத்துக்கு வந்துவிட்டது. மேற்கே, நகரத்தின் மறுகோடியில்.

சரி, திரும்பிப் போகலாம் என்று எழுந்தார். அதற்கு முன் வெளியே போய் யாரிடமாவது போன் வாங்கிப் பாமாவோடு கதைக்கலாம் என்று படியேறினார். பாதியில் முழங்கால் நடுங்கியது, சட்டை முதுகோடு ஒட்டியது. இறங்கி வந்து மேடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தார். சீனி இறங்கினால் புத்தியும் இறங்கும். அடுத்த ரயிலில் ஏறவேண்டும் என்று தெரிந்தது. ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றும் அப்படியே போனது. துப்புரவு செய்யும் பெண்ணொருத்தி வந்து என்னவோ கேட்டாள். அவர் புன்னகை செய்தார். அது மட்டும்தான் அவரால் முடிந்தது.

பாமா வாசலில் நிற்பாள் என்று நினைத்தார். நின்றுகொண்டே இருப்பாள். கீழே வரமாட்டாள். ஆறு மாதமாகக் கீழே வராதவள்.

எத்தனையாவது ரயில் என்று தெரியவில்லை. அது நின்றது, முதல் பெட்டியின் முதல் கதவு, சாரதியின் அறையை ஒட்டிய கதவு, திறந்தது. ஜாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தியபாமா இறங்கினாள். சுற்றிப் பார்க்கவில்லை. நேரே வாங்குக்கு வந்தாள்.

"வாயைத் திறவுங்கோ."

வில்லை இரண்டை வாய்க்குள் வைத்தாள். பழச்சாற்றுப் பெட்டி ஒன்றை எடுத்துக் குழாயைக் குத்தினாள். குழாய் துளையில் படவில்லை. மறுபடி குத்தினாள். மூன்றாவது தரம் போனது.

கொஞ்ச நேரத்தில் மேடையும் தண்டவாளமும் தங்கள் இடத்துக்கு வந்தன.

"எப்பிடித் தெரியும்?" என்றார்.

"மூண்டு ஸ்டேசன், ஆறு நிமிசம். நான் கால் மணித்தியாலம் நிண்டன். ஜாக்கெட்டுக்குள்ளை கையை விட்டன், போனும் கிடக்கு, இனிப்பும் கிடக்கு. அண்டைக்கு ரயில் எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு சொன்னன். நீங்கள் 'ம்' எண்டனீங்கள். முப்பது வருசமா அந்த 'ம்' எனக்குத் தெரியாதே? மற்றப் பக்கம்தான் ஏறியிருப்பியள். பெட்டி வெறுமையாகும் வரைக்கும் புத்தகத்தாலை நிமிர்ந்திருக்க மாட்டியள். அப்ப கடைசி ஸ்டேசன்."

"அது இல்லை, பாமா. நீர் எப்பிடி வந்தனீர்?"

அவள் வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் ஸ்டேசன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டன். கம்பியைப் பிடிச்ச கை இப்பவும் நோகுது. பிறகு சாரதியின்ரை கதவுக்குப் பக்கத்திலை போனன். அவர் பிரேக் பிடிக்கிறதைக் கேட்டன்." தண்டவாளப் பக்கம் திரும்பினாள். "பிந்திப் பிடிக்கிறார் அப்பா. சனம் முழுக்க முன்னுக்குச் சாயுது. இன்னும் கொஞ்சம் முந்தித் தொடங்கி மெல்ல மெல்லப் பிடிக்கோணும். மிச்ச ஸ்டேசன் முழுக்க எனக்கு அதே யோசினை."

துணிவு பற்றி இந்திரகுமார் நிறைய வாசித்தவர். பயம் இல்லாமைதான் துணிவு என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் அவர் அப்படித்தான் நம்பி வந்திருக்கிறார். பழச்சாற்றுப் பெட்டியில் குழாய் விலகிக் குத்திய இரண்டு சின்னப் பள்ளங்களை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"ரக்ஸி பிடிப்பம்," என்றார். "உமக்கும் கஷ்டம்."

"இல்லை. பத்து ஸ்டேசன் வந்தனான். பத்தும் திரும்பிப் போகோணும். உங்களைத் தேடி வந்தது கணக்கிலை சேராது. அது ஆரும் செய்வினம். இனிப் போறதை வைச்சுத்தான் நாளைக்குப் பதில் சொல்லோணும்."

பலகையைப் பார்த்துச் சரியான பக்கத்தில் நின்றார்கள். ரயில் வலக்கைப் பக்கமிருந்து வந்தது. இந்தத் தரம் முதல் பெட்டி, முன் கதவு. புத்தகம் ஜாக்கெட் பைக்குள் போனது. அவள் கம்பியைப் பிடித்திருந்தாள், இறுக்கமாகத்தான். இரண்டு மூன்று நிலையம் கடந்தது. பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"இப்ப எங்களுக்கு மேலை ஒரு சின்னச் சதுக்கம். கிழவன்மார் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவை." சுரங்கத்தின் கறுப்புச் சுவர் ஓடியது. "இது அரண்மனைப் பக்கம். அங்கைதான் பியானோ இழுத்தவை, இந்நேரம் உள்ளை போயிருக்கும்." இன்னும் இரண்டு மூன்று நிலையம் போனது. "இப்ப மேலை பெரிய நீரூற்று, சிங்கம் பூட்டின தேரிலை ஒரு பொம்பிளை இருக்கிறா. சுத்தி நாலு பக்கமும் வாகனம். அவ அசையேல்லை."

இந்திரகுமார் மேலே பார்த்தார். பெட்டியின் கூரையும் விளக்கும்தான் இருந்தன. ஆனால் நாலு நாளாகப் பெயர்களாக மட்டும் கடந்த நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேலே ஒரு தெரு முளைத்தது. நடப்பதா ரயிலா என்று அவர் இவ்வளவு நாளும் வாதாடியது, வீடு நல்லதா வாசல் நல்லதா என்று கேட்டது போலப் பட்டது. நடந்தவளுக்குத்தான் ரயிலும் வசப்பட்டிருந்தது.

பூங்கா வாசலில் வெயிலுக்கு வந்ததும் அவள் சுவரில் சாய்ந்து நின்று நீளமாக மூச்சு விட்டாள். முகம் வெளிறியிருந்தது. "பசிக்குது," என்றாள்.

திங்கட்கிழமை காலை குளிர்பெட்டிக் கதவிலிருந்து கடிதத்தை எடுத்து, அதிலிருந்த இலக்கத்துக்குப் போன் செய்தாள். முதலில் சில நாள் இன்னொரு சாரதி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று தானே கேட்டாள். ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து சாப்பிடாமல் படுத்தாள். இரண்டாம் நாள் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை தனியாக.

அன்று காலை இந்திரகுமார் வழக்கமான நேரத்துக்கு முந்தியே பாறைக்குள் இறங்கி நின்றார். யார் ஓட்டுகிறார் என்று பார்த்து, அவளுடைய வண்டியில் ஏறினார். புத்தகம் பையில் இருந்தது, எடுக்கவில்லை. எதிரே ஒரு மாணவி கம்பியைப் பிடிக்காமல் நின்றாள். ஒரு கையில் போன், மறுகையில் மூடி இல்லாத கடதாசிக் கோப்பையில் காப்பி, விளிம்புவரை. அவர் அந்தக் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நிலையம் வந்தது. காப்பி ஒரு பக்கம் மெல்ல ஏறி, அப்படியே இறங்கியது. சிந்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அந்தப் பெண் காலை மாற்றி வைக்கக்கூட இல்லை. வண்டி நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. இப்படிப் பதினெட்டு வருடம், நாளுக்கு எத்தனை நிலையம், எத்தனை கோப்பை. அவரும் அதற்குள்தான் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார், ஒரு வரியும் தவறாமல்.

ஐந்தாவது நிலையத்தில் இறங்கினார். வெளியேறும் வழிக்குப் போகாமல் மேடை நீளம் முன்னுக்கு நடந்தார். கை அசைக்கலாமா என்று நினைத்து, ஏப்ரல் மாதத்தை நினைத்து, கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாரதியின் பக்கக் கண்ணாடி இறங்கியது.

"என்னப்பா? ஏதும் விட்டுட்டீங்களே?"

"இல்லை." ஓரடி கிட்டப் போனார். "நல்லா ஓடுறீர், பாமா."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"ம்," என்றாள். "கோட்டுக்கு அங்காலை நில்லுங்கோ. கதவு பூட்டப்போறன்."